சீர்த்தட்டும் ஐந்து கிலோ டம்பெல்லும்

2025 பிப்ரவரி 9, ஞாயிறு. வழக்கம்போல் ஐந்தரைக்கு எழுந்து வெந்நீர் குடித்தேன். முழங்கைகளை விலாவோடு ஒட்டி வைத்துக்கொண்டு, கைக்கு ஐந்து கிலோ டம்பெல்லை இருபது முறை தூக்கினேன். (சட்டையில்லாமல்தான். குன்னூர்க் குளிரில் அதை வீரம் என்று நினைத்திருந்தேன்.)

அன்று என் தங்கை மகள் கவிதாவுக்கு நிச்சயதார்த்தம். தாய்மாமன் சீர்த்தட்டு மாப்பிள்ளை வீட்டார் கைக்குப் போகும்வரை தரையைத் தொடக்கூடாது என்பது எங்கள் வழக்கம். தேங்காய்கள், வாழைச்சீப்புகள், வெல்லம், பட்டுச்சேலை. என் மனைவி தூக்கிப் பார்த்தாள்.

"ஏனுங்க, கனமா இருக்குதுங்க. ரெண்டு தட்டாப் பிரிச்சிரலாம்."

"தெனமும் பத்துக் கிலோ தூக்கறவன் நான்."

மண்டபம் மேட்டில் இருந்தது. ஜீப் கீழேயே நின்றுவிட்டது. தட்டை வயிற்றோடு அணைத்துப் படியேறினேன். பூப்போல இருந்தது. பாதி வழியில் போட்டோக்காரர் மறித்தார்.

"சார், பழத்துல மூஞ்சி மறையுது. தட்ட முன்னால நீட்டுங்க. இன்னுங் கொஞ்சம். அப்படியே நில்லுங்க."

நீட்டினேன். மேலே நின்ற கவிதா (பிசியோதெரபிஸ்ட்) கத்தினாள்: "மாமா, நீட்டாதீங்க! தோளுதான் அச்சு. தட்டு தள்ளிப் போகப் போக பாரம் ஏறும். ஒடம்போட ஒட்டிப் புடிங்க!"

சம்பந்தி வீட்டார் பார்க்கும்போது கையை மடக்குவதா? சிரித்தபடி நின்றேன். டம்பெல்லின் எடையை மட்டுமே இத்தனை நாளும் கவனித்திருந்தேன்; அது உடம்பிலிருந்து எவ்வளவு தள்ளி இருக்கிறது என்று யோசித்ததே இல்லை. முதலில் தோள் நடுங்கியது. பிறகு தட்டு. பிறகு (படத்தில் தெளிவாகத் தெரிகிறது) என் மீசை. ரயில்வே கேட் போலத் தட்டு மெல்லச் சாய்ந்தது.

கவிதா தான் கட்டியிருந்த பட்டுச்சேலையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு ஓடிவந்து தட்டை என் வயிற்றோடு தள்ளினாள். தட்டு தப்பியது. ஒரு தேங்காய் மட்டும் படிப்படியாகத் துள்ளி இறங்கியது. கீழே, அப்போதுதான் வந்து சேர்ந்த மாப்பிள்ளையின் அப்பா அதை இரண்டு கைகளாலும் பிடித்தார்.

தங்கையின் கண் கலங்கிவிட்டது.

அவர் தேங்காயைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "நான் பாக்கறப்போ இது பறந்துட்டுத்தானுங்க இருந்துச்சு. தரையத் தொட்டத நான் பாக்கல. சீரு எங்க கைக்கு வந்துருச்சுங்க மச்சான்."

படியெல்லாம் சிரிப்பு. தங்கையும் சிரித்த பிறகுதான் எனக்கு மூச்சு வந்தது. இன்றும் எங்கள் வீட்டில் யார் போட்டோ எடுத்தாலும் "மாமா, நீட்டாதீங்க!" என்று எல்லாரும் சேர்ந்து கத்துவார்கள். சம்பந்தியின் குரல்தான் பெரிதாகக் கேட்கும்.

மறுநாள் ஐந்தரைக்கு விழிப்பு வந்தது, தோள் வரவில்லை. டம்பெல்லைக் கட்டிலுக்கடியில் காலால் தள்ளினேன். என் தோளைப் பார்க்க வந்திருந்த கவிதா காபி கொண்டுவந்து வைத்தாள்.

"கைய நீட்டி எடுங்க பாக்கலாம், மாமா."

நான் குனிந்து டம்ளரிடம் போனேன்.