பாஸ்கல் அண்ணன் செஞ்ச கீரித்தடுப்புக் கூண்டு

டமால்!

கதவு விழுந்துடுச்சி. வெளிப்பக்கக் கொக்கியும் தானா மாட்டிக்கிச்சி. கோழிக்கூண்டுக்குள்ள நம்ம பாஸ்கல் அண்ணன், குந்திக்கினு. புடிக்கப் போன சேவலு அவரு கால் சந்துல பூந்து, எப்பவோ வெளிய! முருங்கை மரத்தடியில நின்னு ஒரு கூவல் வேற.

எண்பத்தாறுல ஆவடி குவார்ட்டர்ஸ்ல அப்டி ஒரு கீரித் தொல்லை. ரெண்டே வாரத்துல நாலு குஞ்சு காலி. ஃபேக்டரில இருவது வருஷம் ஃபிட்டரா இருந்த மனுசன் சும்மா இருப்பாரா? படம் போட்டு, அளவெடுத்து, கம்பி வலை அடிச்சி, தானா மூடிக்கிற கதவு வெச்சாரு. அப்புறம் ஒரு கீரி கிட்ட வரணுமே! அந்த தெனாவட்டுலதான் ஃபோர்மேன் சண்முகசுந்தரத்தைக் குடும்பத்தோட ஞாயித்துக்கெழம சாப்பாட்டுக்குக் கூப்ட்டாரு. சேவல் கொழம்பு! அந்த சேவல தவுடு போட்டு வளத்த பொண்டாட்டி ஆரோக்கியம்மாகிட்ட மட்டும் ஒரு வார்த்த கேக்கல.

"ஆரோக்கியம்! கொக்கிய எடு!"

"உள்ள இன்னா பண்றீங்க?"

"சேவல புடிக்க வந்தேன். ஃபோர்மேன் வராரு இல்ல..."

"கீரி குஞ்சத்தான் தூக்கிச்சி. நீங்க சேவலுக்கே வந்துட்டீங்க. கூண்டு நல்லாதான் வேலை செய்யுது."

"மானம் போயிடும்டி!"

"சேவல அந்தோணியாருக்கு நேந்து உடுங்க. தொறக்குறேன்."

அண்ணனுக்கு வேர்த்துடுச்சி. நேந்து உட்டுட்டா அதுமேல ஊட்டுக் கத்தி படக்கூடாது. வாசல்ல ஸ்கூட்டர் சத்தம் கேட்டுச்சி.

"அந்தோணியாரே, சேவலு உனக்குத்தான்!"

"காதுல உழல."

"உனக்குத்தான்யா சாமி!"

ஆரோக்கியம்மா கொக்கியத் தூக்கிச்சி. அண்ணன் முட்டிய தேச்சிக்கினே வெளிய வந்தாரு.

"எப்ப கோயிலுக்குக் குடுக்கப் போற?"

"அந்தோணியாருக்கு ஒண்ணும் அவசரமில்ல."

சாப்பாட்டுக்கு முட்டைக் கொழம்பு. ஃபோர்மேன் மூணு தடவ வாங்கிச் சாப்ட்டாரு. அவரு பொண்டாட்டி பத்மா, ஆரோக்கியம்மாகூட கொல்லப்பக்கம் போச்சி. பத்து நிமிசம் ஒரே சிரிப்பு சத்தம். அப்புறம் கண்ண தொடச்சிக்கினு வந்துச்சி.

"அண்ணே, எங்க ஊட்டுக்கும் அதே மாதிரி கூண்டு ஒண்ணு செஞ்சி குடுங்க."

அண்ணனுக்கு நெஞ்சு நிமிந்துடுச்சி. "செஞ்சிட்டா போச்சு! உங்க ஊட்ல எத்தினி கோழிங்க?"

"கோழியெல்லாம் இல்லண்ணே. இவருக்கு முட்டி வலி, குந்த முடியாது. கொஞ்சம் ஒசரமா வெச்சிடுங்க."

உங்க ஊட்ல எப்டிங்க? உங்களுக்கும் அளவு எடுத்தாச்சா?