தடை நீக்கும் அதிகாரம்

பொதுமக்களின் உயிரைக் காப்பது அரசின் தலையாய கடமை. ஆகவே சாலைப் பொறியாளர் ஆஸ்பத்திரி ரோட்டில் ஒரு வேகத்தடை போட்டார். பக்கத்துத் தெருக்காரர்களுக்கு வயிறு எரிந்தது. "அவங்களுக்கு மட்டும்தான் உசிரு வெல்லமா?" என்று கிளம்பி வந்து தங்களுக்கும் ஒன்று வாங்கிக்கொண்டு போனார்கள். அப்புறம் டாக்டர் வீட்டுக்கு ஒன்று, அதைப் பார்த்து வக்கீல் வீட்டுக்கு ரெண்டு. வாசலில் மேடு இல்லாதவனை யாரும் மனுஷனாகவே மதிக்கவில்லை.

இதில் உதை வாங்கியது பொறியாளரின் ஜீப். அதாவது, அதை ஓட்டுகிற டிரைவர். மெக்கானிக் வண்டிக்கு அடியில் படுத்துப் பார்த்துவிட்டு உதட்டைப் பிதுக்கினார்.

"ஷாக் அப்சார்பர் நாலும் செத்துப்போச்சுண்ணே. இனிமே குலுக்கலையெல்லாம் உங்க இடுப்புதான் தாங்கணும்."

"என் இடுப்பு கிடக்கட்டும்யா. வீட்டுல அவளுக்கு இது நிறைமாசம். இதுலதான் கூட்டிட்டுப் போகணும்."

டிரைவர் நேரே பொறியாளரிடம் போனார்.

"ஐயா, ஆஸ்பத்திரி வாசல்ல இருக்கிறதை மட்டுமாவது கொஞ்சம் செதுக்கிவிடச் சொல்லுங்க."

பொறியாளர் கண்ணாடியைக் கழற்றி வைத்தார். "யோவ், அதுக்குப் பேரு என்ன?"

"வேகத்தடைங்க."

"தடை! தடையை நீக்குறதுக்கு கோர்ட்டுக்குத்தான் அதிகாரம். எனக்குப் போடத்தான் அதிகாரம்."

"வண்டி தூக்கிப் போடுதுங்களே!"

"ஏன் தூக்கிப் போடுது? வேகமா வர்றதால. வேகத்தைக் குறைக்க என்னய்யா செய்யணும்?"

கேட்டது தப்பாய்ப் போயிற்று. மறுநாளே ஒவ்வொரு வேகத்தடைக்கு முன்னாலும், அதன்மேல் வேகமாக ஏறாமல் இருக்க, இன்னொரு வேகத்தடை முளைத்தது.

வலி எடுத்தது. மனைவியையும் மாமியாரையும் ஏற்றிக்கொண்டு டிரைவர் கிளம்பினார்.

"மெதுவா ஓட்டுங்க மாப்பிள்ளை!"

"இதைவிட மெதுவான்னா இறங்கித்தான் தள்ளணும் அத்தை!"

"எல்லாம் உங்க ஆபீஸ் போட்ட மேடுதானே! நாசமாப் போக!" மனைவி வலியோடு வலியாகத் திட்டினாள். ஆஸ்பத்திரி வாசலில் வண்டி ஒரு குதி குதித்தது. பின்னால் 'குவா' என்று சத்தம். பெண் குழந்தை. தாயும் சேயும் நலம் என்று நர்ஸ் வந்து சொன்னதும் டிரைவர் ஸ்டியரிங்கில் தலையைச் சாய்த்து ஓவென்று அழுதார்.

பொறியாளர் உடனே அறிக்கை விட்டார்: 'வேகத்தடைகளின் பயனாகப் பிரசவ நேரம் கணிசமாகக் குறைந்துள்ளது.' அன்றிலிருந்து மாசமான பெண்களை ஏற்றிக்கொண்டு வண்டிகள் அந்த ரோட்டில் வரிசை கட்டின.

கொஞ்ச நாள் கழித்து டிரைவர் மறுபடியும் வந்து கைகட்டி நின்றார்.

"என்னய்யா, இன்னமும் அந்தத் தடையை எடுக்கணுமா?"

"ஐயையோ, அதெல்லாம் வேணாங்க. பச்சைக் குழந்தையை வெச்சிருக்கோம். கண்டவனும் பறக்கிறான். நம்ம வாசல்லயும் ஒண்ணு போட்டுடுங்க."

போகிறவர் கதவருகில் நின்று திரும்பினார்.

"கொஞ்சம் உசரமாவே போடச் சொல்லுங்கய்யா."