ஆனோ ஆசாமி

செக் நாட்டில் குடியேறிய வெளிநாட்டவர்களில் ஓர் அபூர்வ இனம் உண்டு. பெயர், ஆனோ ஆசாமி. 'ஆனோ' என்றால் செக் மொழியில் 'ஆமாம்'. இந்த ஆசாமிக்கு அந்த மொழியில் பழுதில்லாமல் வரும் ஒரே சொல் அதுதான். 'புரியவில்லை' என்று சொன்னால் மானம் போய்விடும் என்று நினைப்பவர். மானத்தைக் காப்பாற்ற மற்ற எல்லாவற்றையும் தொலைக்கத் தயாராக இருப்பவர்.

அர்ஜென்டினாவிலிருந்து வந்து, செக் நாட்டின் மொராவியாப் பகுதியில் ஒரு நகரத்தின் டிராம் பணிமனையில் வெல்டராக இருக்கும் ஃபெலிசியானோவை எடுத்துக்கொள்ளுங்கள். பெயரிலேயே ஆனோ இருக்கிறது பாருங்கள்! நான்கு வருடமாக யார் எது சொன்னாலும் புருவத்தை உயர்த்தி, ஒரு நொடி யோசிப்பதுபோல் யோசித்து, "ஆனோ, ஆனோ" என்று தலையாட்டி வந்ததில், முடிதிருத்துபவரிடம் மீசையை இழந்தார். முயல் வளர்ப்போர் சங்கத்தின் துணைச் செயலாளரானார். கிறிஸ்துமஸ் விருந்துக்குப் பக்கத்து வீட்டுக்காரர் உயிரோடு வாங்கிய கெண்டை மீன் இவருடைய குளியல் தொட்டியில் எட்டு நாள் குடியிருந்தது. குளிக்காமல் வேலைக்குப் போனார். கேட்டாரா? கேட்க மாட்டார்.

இதெல்லாம் போகட்டும். அரசு அலுவலகம் அப்படி விடுமா?

அவருடைய தங்கும் அனுமதி வெள்ளிக்கிழமையோடு முடிகிறது. செவ்வாய்க்கிழமை காலையிலேயே கடவுச்சீட்டு, புகைப்படம், ப்ரோபிஸ்கா, வீட்டு ஒப்பந்தம் என எல்லாவற்றையும் எடுத்துக்கொண்டு ஏழாம் எண் ஜன்னலுக்குப் போய்விட்டார். விண்ணப்பம் நழுவினால் வேலையையும் அறையையும் விட்டுவிட்டு மூட்டை கட்ட வேண்டியதுதான். அது அவருக்கும் தெரியும். முகத்தில் மட்டும் சகலமும் புரிந்த புன்னகை.

ஜன்னலுக்குப் பின்னால் இருந்த க்ரௌபோவா அம்மாள் மூச்சு விடாமல் சொன்னாள். "ஒப்பந்தத்துல வீட்டுக்காரர் கையெழுத்தே இல்லையே. வெள்ளிக்குள்ள வாங்கிட்டு வர்றீங்களா, இல்ல விண்ணப்பத்தையே வாபஸ் வாங்கிக்கறீங்களா?"

"ஆனோ."

"எது ஆனோ? வாபஸா?"

"ஆனோ, ஆனோ!"

அவள் தோளைக் குலுக்கிக்கொண்டு ஒரு தாளை நீட்டினாள். கையெழுத்துப் போட்டார். புகைப்படத்தைப் பிய்த்து அவரிடமே தள்ளினாள். அப்போதுதான் அவருக்குச் சந்தேகம் தட்டியது. கொடுத்த புகைப்படத்தை எதற்குத் திருப்பித் தருகிறாள்? பதற்றத்தில் தாய்மொழி பீறிட்டது.

"நோ! நோ! நோ!"

"இதோ ஆச்சுங்க, ஏன் பறக்கறீங்க?" என்று அவள் முத்திரைக் கட்டையைத் தூக்கினாள்.

கொடுமை என்ன தெரியுமா? செக் நாட்டுக்காரர்கள் 'ஆனோ'வைச் சுருக்கிப் பேச்சுவாக்கில் 'நோ' என்பார்கள். அந்த ஊரில் நோ என்றாலும் ஆமாம்தான். நான்கு வருடத்தில் முதல் முறையாக மறுக்க வாய் திறந்தவர், மூன்று முறை சம்மதித்திருந்தார்.

வரிசையில் பின்னால் நின்ற, மளிகைக் கடை வைத்திருக்கும் வியட்நாம்காரி ஹான் தலையில் அடித்துக்கொண்டாள். "அட கூறுகெட்டவனே! நோ இல்லப்பா, 'நே'ன்னு சொல்லு, நே!"

"நே!" என்று கூடமே திரும்பிப் பார்க்கும்படி அலறினார் ஃபெலிசியானோ.

கட்டை அந்தரத்தில் நின்றது. க்ரௌபோவா கண்ணாடியைக் கழற்றி அவரை நன்றாகப் பார்த்தாள். "அப்பாடா, உங்களுக்கு இல்லைன்னுகூடச் சொல்லத் தெரியுமா?" தாளைக் கிழித்துக் கூடையில் போட்டாள். "வெள்ளிக்குள்ள வீட்டுக்காரர் கையெழுத்து வேணும். புரிஞ்சுதா?"

"ஆனோ," என்றார்.

வெளியே ஹான் அவர் சட்டையைப் பிடித்து நிறுத்தினாள். "என்னய்யா புரிஞ்சுது?"

"ஒண்ணுமே புரியல."

கைபேசியில் மொழிபெயர்த்துப் பார்த்து, அவர் உள்ளங்கையிலேயே ஸ்பானிஷில் 'வீட்டுக்காரர் கையெழுத்து' என்றும், கீழே 'வெள்ளி' என்றும் எழுதி அனுப்பினாள். கையெழுத்து வந்தது, அனுமதியும் கிடைத்தது. முயல் சங்கப் பதவி மட்டும் இன்னும் போகவில்லை.

சிரிக்கிறீர்கள். நல்லது. ஏழாம் ஜன்னலுக்கு அவர் ப்ரோபிஸ்கா எடுத்துப் போனார் என்று எழுதியிருந்தேனே, அது என்ன என்று கேட்டீர்களா? ஏதோ முக்கியமான ஆவணம் போலிருக்கிறது என்று தலையாட்டிவிட்டுத்தானே இவ்வளவு தூரம் வந்தீர்கள்?

அது பேனா.