செவ்வாப்பேட்டையின் அப்பா பெயர்

ரஷ்ய நாவல் வாசகர் என்றொரு இனம் உண்டு. எலெக்ட்ரிக் ரயிலில் ஜன்னலோரம் பார்த்திருப்பீர்கள். மடியில் தலையணைப் பருமனில் புத்தகம், கண்ணில் ஈரம். "இன்னா சார் ஆச்சு?" என்று தெரியாத்தனமாகக் கேட்டுவிட்டால் போச்சு. அந்தப் பண்ணை வீட்டு அண்ணன் தம்பிகளின் பாசம், போர்முனையில் நண்பனுக்குக் கம்பளிக் கோட்டைக் கழற்றிக் கொடுத்தவன், அத்தனை பேருக்கும் சொந்தப் பெயர், அப்பா பெயர், செல்லப் பெயர் என்று ஆவடி வரும்வரை ஒப்பிப்பார். அப்பா பெயரையும் சேர்த்துக் கூப்பிடுவதுதான் அங்கே மரியாதையாம். நமக்கு எங்கே அந்தப் பண்பு?

துளசிராமன் இந்த இனத்தில் அசல் சரக்கு. திருவள்ளூரில் ஏறியதும் புத்தகத்தைப் போட்டுப் பக்கத்தில் இடம் பிடிப்பார், செவ்வாப்பேட்டையில் ஏறும் நண்பருக்காக. நண்பர் டிபன் டப்பாவைத் திறந்து பாதி இட்லியை இவர் பக்கம் தள்ளுவார். அதைத் தின்றுகொண்டே இவர் ரஷ்யக் குடும்பத்துக்காக அழுவார். பல வருஷப் பழக்கம்.

ஒருநாள் நண்பர் ஏறவில்லை. புட்லூர்க்காரர் ஒருவர் விஷயம் சொன்னார்.

"செவ்வாப்பேட்டை படியில வழுக்கி கால ஒடிச்சிக்கினாராம். திருவள்ளூர் ஆஸ்பத்திரிலதான் கீறாரு."

துளசிராமன் அடுத்த ஸ்டேஷனிலேயே இறங்கி, லீவு சொல்லிவிட்டுத் திரும்பினார். ஆளைக் கண்ணால் பார்த்தால்தான் மனசு ஆறும்.

"பேஷண்ட் பேரு?" என்றார் நர்ஸ் ஞானம்மா.

"செவ்வாப்பேட்டை."

"அது ஊரு. ஆளு பேரு இன்னா?"

ரயிலில் ஏறுகிற ஊர்தானே ஆளுக்குப் பெயர்? ரஷ்யக் குதிரைவண்டிக்காரனின் மாமனார் பெயரைக்கூடச் சொல்லக்கூடிய மனிதர் திருதிருவென்று விழித்தார். அவமானமாக இருந்தது. வேறு வழியில்லாமல் வார்டு வாசலில் நின்று "செவ்வாப்பேட்டை" என்று குரல் கொடுத்தார். மூன்று கட்டில்களில் தலை தூக்கினார்கள். மூவருக்கும் அதே ஊர். காலில் கட்டுப் போட்டிருந்தவர் வாயெல்லாம் பல்லாகச் சிரித்தார்.

"வாபா, திருவள்ளூர்."

துளசிராமன் அவர் கையைப் பிடித்துக்கொண்டார். "உன் பேரு இன்னா?"

"வரதன். இன்னாத்துக்கு?"

"அப்பா பேரு?"

"ஆதிகேசவன். இன்னாபா, போலீஸ்காரன் கணக்கா கேட்டுக்கினு கீற?"

"ஒடம்பு எப்டி கீது, வரதன் ஆதிகேசவன்?" கேட்கும்போதே அழுகை வந்துவிட்டது. இந்த முறை ரஷ்யர் எவரும் அதற்குக் காரணமில்லை.

"சரி, அழுவாத," என்றார் வரதன் கூச்சத்தோடு. "ஆமா, உன் பேரு இன்னா?"

சிரிக்கிறீர்கள். சிரியுங்கள். தினமும் உங்களுக்காக நகர்ந்து உட்காருகிறாரே ஒருவர், "சார்" என்றே கூப்பிட்டு ஓட்டிக்கொண்டிருக்கிறீர்களே, அவருக்குக் கால் ஒடிந்தால் ஆஸ்பத்திரியில் போய் யாரைக் கேட்பீர்கள்?