கரியாலூர் ஏரியில் வட துருவம்

கல்யாணப் படம் எடுக்கிற எங்கள் ஆட்கள் எல்லோருக்குள்ளும் விலங்குகளைப் படமெடுக்கும் ஆசை ஒன்று ரகசியமாக உண்டு. விலங்கு "எங்க தாய்மாமன் இந்த போட்டோவுல இல்லியே" என்று கேட்காது. "கன்னத்தைக் கொஞ்சம் கம்மி பண்ணிக் குடுங்க" என்று கெஞ்சாது. ஆல்பம் எப்போது வரும் என்று சாப்பாட்டு நேரத்தில் போன் பண்ணாது. கள்ளக்குறிச்சி பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்துச் சந்தில் ஸ்டூடியோ வைத்திருக்கும் எனக்கு அந்த ஆசை கொஞ்சம் ஜாஸ்தி. முகூர்த்தம் இல்லாத நாட்களில் கோமுகி அணைக்குப் போய்ப் பறவைகளைப் படமெடுப்பேன். அதோடு நிறுத்தியிருக்கலாம்.

அப்படி ஒருநாள் எடுத்ததுதான் அந்த ஆலாப் பறவைப் படம். ஆண் ஆலா ஒன்று சின்ன மீனைக் கொண்டுவந்து தன் ஜோடியின் வாயில் வைக்கிறது. ரிசப்ஷனில் மாப்பிள்ளை பெண்ணுக்குக் கேக் ஊட்டுவாரே, அதே கோணம், அதே வெட்கம். (பத்து வருடம் அதைத்தானே எடுத்துக்கொண்டிருந்தேன்.) பெங்களூரில் ஒரு குழு இருந்தது. ஆண்டுதோறும் புகைப்படக்காரர்களைக் கப்பலில் ஆர்க்டிக் பக்கம் கூட்டிப்போவார்கள். அதில் ஓர் இடத்தைச் சின்ன ஊர்க்காரர் ஒருவருக்கு இலவசமாகத் தருவார்கள். அதற்கு இந்தப் படத்தை அனுப்பிவைத்தேன். ஆயிரம் பேர் அனுப்பியிருப்பார்கள், நமக்கெங்கே என்றுதான் இருந்தேன். கடைசி மூன்று பேரில் நானும் ஒருவன் என்று மெயில் வந்தது.

அந்த மெயிலை என் மனைவி கோமதிக்கு நின்றுகொண்டே படித்துக் காட்டினேன். பனிக்கரடி, தந்தம் நீட்டிக்கொண்டு கடலில் கிடக்கும் வால்ரஸ், பாறை நிறையக் கடற்பறவைகள். பஃபின் என்று ஒரு பறவை, கறுப்புக் கோட்டு போட்ட குண்டுப் பையன் மாதிரி இருக்கும், மூக்கில் மட்டும் மஞ்சளும் குங்குமமும் அப்பியிருக்கும்.

"அங்க போய் இன்னா சாப்புடுவீங்க?" என்றாள் கோமதி.

மெயிலில் அது இல்லை. மூன்று மாதம் கழித்து வீடியோ காலில் நேர்காணல் என்று இருந்தது. குளிர் உடுப்பைப் போட்டுக்கொண்டு, முடிந்தால் திறந்தவெளியில், கேமராவைக் கையாண்டு காட்ட வேண்டும் என்றும் இருந்தது. மூன்றில் ஒருவன்தான் நான். ஆனால் அன்று சாயங்காலமே கள்ளக்குறிச்சியில் எனக்குத் தெரிந்தவர்களிடமெல்லாம் "ஆர்க்டிக் போறேன்" என்று சொல்லி முடித்துவிட்டேன்.

அதில் ஒருவர் என் மச்சான் ஏழுமலை. கோமதியின் அண்ணன். ஃபிளெக்ஸ் பேனர் அடிக்கும் கடை வைத்திருக்கிறார். அப்படிப்பட்டவரிடம் சந்தோஷச் செய்தி சொல்லும்போது ஜாக்கிரதையாக இருக்க வேண்டும். மறுநாள் காலை என் ஸ்டூடியோ வாசலில் பத்தடி உயர பேனர். "துருவம் வெல்லப் புறப்படும் எங்கள் மாப்பிள்ளையே!" என்று எழுதி, நான் ஒரு பெங்குயினின் தோளில் கைபோட்டு நிற்கிறேன்.

"மச்சான், பெங்குயின் தென் துருவத்துல இருக்கறது. நான் போறது வடக்கு."

"ரெண்டும் ஐஸுதான மாப்ள? எவன் போய்ப் பாக்கப்போறான்?"

அவர் சொன்னது சரிதான். ஒருவரும் கேட்கவில்லை. நான் மட்டும் பார்க்கிறவர்களிடமெல்லாம் பெங்குயின் எந்தத் துருவம் என்று பாடம் எடுத்துக்கொண்டிருந்தேன். விரல் காட்டித் திசை வேறு காண்பித்தேன்.

பிறகு பயிற்சி ஆரம்பமானது. விடிகாலையில் ஐஸ் கட்டி போட்டுக் குளித்தேன். மூன்றாம் நாள் தும்மல் பிடித்ததும் ஐஸை நிறுத்திவிட்டேன். துருவத்தில் கையுறையோடுதான் படமெடுக்க வேண்டும் என்பதால், சங்கராபுரத்தில் ஒரு கல்யாணத்துக்குத் தடிமனான கம்பளிக் கையுறை போட்டுக்கொண்டு போனேன். தாலி கட்டுகிற நேரத்தில் என் விரலுக்குப் பட்டன் அகப்படவில்லை. கெட்டிமேளம் முடிந்த பிறகு மாப்பிள்ளையைக் கழுத்துக்குப் பின்னால் சும்மா கை வைக்கச் சொல்லி எடுத்துக்கொண்டேன். (அந்தக் குடும்பத்தில் யாரும் கட்டுரை படிக்கிற பழக்கம் உள்ளவர்கள் இல்லை என்று நம்புகிறேன்.)

ஜாக்கெட்டை மச்சான் கொண்டுவந்தார். பனிமலையில் வேலை பார்த்துத் திரும்பிய நண்பர் ஒருவருடையது. உள்ளே வாத்து இறகு அடைத்தது. போட்டுப் பார்த்தேன். எங்கள் வீட்டு வாசற்படியில் நேராக நுழைய முடியவில்லை, பக்கவாட்டில்தான் நுழைந்தேன்.

நேர்காணல் மார்கழியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை, காலை பதினோரு மணிக்கு. நம் பக்கத்தில் குளிருக்கும் தண்ணீருக்கும் கல்வராயன் மலையை விட்டால் வேறு போக்கில்லை. கரியாலூரில் ஏரி இருக்கிறது, மிதி படகு இருக்கிறது, கரையில் சிக்னலும் இரண்டு கோடு வரும். காலையில் படகில் ஒத்திகை, பதினோரு மணிக்குப் பனிமூட்டத்துக்கு நடுவில் நின்று நேர்காணல். பெங்களூர்க்காரர்கள் மிரண்டுபோய்விடுவார்கள் என்று கணக்குப் போட்டேன்.

மச்சானின் ஆம்னி வேனில் அவரும் கோமதியும் நானுமாக மலை ஏறினோம். மேலே போய்ச் சேர்ந்தபோது முப்பதடிக்கு அப்பால் இருப்பது தெரியாத மூட்டம். நான் பூரித்துப்போனேன். உள்ளே தெர்மல் பனியன், அதற்கு மேல் இரண்டு ஸ்வெட்டர், கழுத்தில் மப்ளர், தலையில் வாயை மூடும் குரங்குக் குல்லா, எல்லாவற்றுக்கும் மேலே ஜாக்கெட். ஜிப் பாதியில் நின்றது. மச்சான் ஒரு கையால் என் நெஞ்சை அழுத்திக்கொண்டு இன்னொரு கையால் இழுத்தார். ஜிப், மப்ளரைக் கவ்விக்கொண்டு தாடை வரைக்கும் ஏறியது.

"ஏறிடுச்சி மாப்ள. இனிமே கரடியே வந்து இழுத்தாலும் எறங்காது" என்று சொல்லிவிட்டு டீக்கடைக்குப் போனார்.

இத்தனை உடுப்புக்குள்ளிருந்து ஒன்றுக்குப் போவது சிரமம் என்பதால் நான் காலையிலிருந்து தண்ணீரும் குடிக்கவில்லை. டீயும் குடிக்கவில்லை.

நானும் கோமதியும் மிதி படகில் ஏறினோம். இரண்டு பேரும் மிதித்தால்தான் அது நகரும். நான் மிதித்துக்கொண்டே படமெடுத்தேன். ஒரு முறை சுற்றி வந்தோம். பட்டுப்போன மரக்கிளையில் நீர்க்காகம் ஒன்று இறக்கையை விரித்துக் காய வைத்துக்கொண்டிருந்தது.

"கோமதி, அதுதான் பஃபின்னு வெச்சுக்கோ. சத்தம் போடாம கிட்ட போவணும்."

"அந்தாண்ட ஒண்ணு தலைய மட்டும் நீட்டிக்கினு இருக்குதே, அது?"

"அது வால்ரஸ்."

"எருமைங்க."

"இப்போதைக்கு வால்ரஸ்."

"வால்ரஸு கழுத்துல மணி கட்டியிருக்குது" என்றாள் கோமதி, மிதிப்பதை நிறுத்தாமல்.

மூன்றாவது சுற்றில் மூட்டம் விலகியது. கல்வராயன் மலையில் மூட்டம் கொஞ்சம் கொஞ்சமாக விலகாது. யாரோ படுதாவைப் பிடித்து இழுத்ததுபோல ஒரேயடியாகப் போய்விடும். பின்னாலேயே வெயில் வந்து உட்கார்ந்தது. மணி பத்தரை இருக்கும். முதுகில் வேர்வை ஓடுவது எனக்கே கேட்டது. ஜிப்பை இழுத்துப் பார்த்தேன். அசையவில்லை. கையுறை வேறு. கையுறையைக் கழற்றலாம் என்று பார்த்தால் வேர்வையில் அதுவும் ஒட்டிக்கொண்டது.

"போதுங்க, கரைக்குப் போலாம். மூஞ்சி செவசெவன்னு இருக்குது" என்றாள்.

"இன்னும் ஒரே ஒரு பஃபின்" என்றேன். நீர்க்காகம் இறக்கையை மடக்கிக்கொண்டு கிளம்பியது. கேமராவைத் தூக்கினேன். பறவை இரண்டானது. பிறகு நாலானது. அதன் பிறகு படகின் தரையில் கிடந்தேன். கேமரா மட்டும் நெஞ்சின் மேல் பத்திரமாக இருந்தது.

கோமதி தனியாகவே மிதித்துக் கரை சேர்த்தாள். எப்படி என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. கரையில் இருந்தவர்கள் என்னை இறக்கிப் புல்லில் போட்டார்கள். அவள் அண்ணனைக் கூப்பிட டீக்கடைக்கு ஓடினாள். அவள் போய்வந்த அந்த ஐந்து நிமிடத்தில்தான் எனக்கு நேரவேண்டியது முழுதாக நேர்ந்தது.

சாமையும் தேனும் விற்றுக்கொண்டிருந்த ஓர் அம்மா என் பக்கத்தில் வந்து உட்கார்ந்து என் உடம்பைப் பார்த்தார். ஸ்வெட்டர், மப்ளர், குல்லா, ஜாக்கெட். கழுத்தில் கை வைத்தார். கொதித்தது.

"அய்யோ, குளிர் ஜொரம்! பாரு, எத்தினி போட்டும் குளிரு தாங்கல மனுசனுக்கு" என்று சொல்லித் தன் தோளில் இருந்த சால்வையை எடுத்து எனக்குப் போர்த்தினார்.

எனக்கு நினைவு திரும்பியிருந்தது. குல்லாவுக்குள்ளிருந்து "கழட்டுங்க" என்று சொன்னேன். மப்ளரைத் தாண்டி வெளியே போனது முதல் எழுத்து மட்டும்தான்.

"கம்பளி கேக்கறாரு!" என்று ஒருவர் கத்தினார்.

நம் ஜனங்களைப் போல உதவுகிறவர்கள் உலகத்தில் இல்லை. சுற்றுலா வந்திருந்த குடும்பம் ஒன்று வேனிலிருந்து போர்வை கொண்டுவந்தது. படகுச் சீட்டு கொடுப்பவர் ஜமுக்காளத்தை எடுத்துவந்தார். நான் கையைக் காலை உதறினேன். "பாரு, எப்டி நடுங்குது!" என்று ஒரு பெரியவர் உதறாமல் அழுத்திப் பிடித்துக்கொண்டார். இன்னொருவர் உள்ளங்காலைச் சூடு பறக்கத் தேய்த்தார். நான் அழுதேன். அதுவும் வேர்வையோடு போய்விட்டது.

கோமதியும் மச்சானும் ஓடிவந்து என்னைப் போர்வைகளுக்கு அடியிலிருந்து தோண்டி எடுத்தார்கள். வேனில் போட்டுப் பக்கத்தில் இருந்த சின்ன ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள். அங்கே இருந்த நர்ஸ் கெட்டிக்காரி. ஒரே பார்வையில் "உஷ்ணத்துல மயக்கம்" என்று சொல்லிவிட்டு குளுக்கோஸ் பாட்டிலை மாட்டினார். குல்லாவைக் கழற்றிக்கொண்டே என்னைக் கேட்டார்.

"இன்னா சார், எங்க போறதுக்கு இந்த டிரெஸ்ஸு?"

"ஆர்க்டிக்" என்றேன்.

அவர் என்னை விட்டுவிட்டுக் கோமதியிடம் திரும்பினார். "மயக்கத்துல இன்னாவோ உளறிக்கினு இருக்காரும்மா. எப்பலேர்ந்து இப்படி?"

"மூணு மாசமா" என்றாள் கோமதி.

ஜிப் நர்ஸுக்கும் இறங்கவில்லை. கத்திரிக்கோலை எடுத்துக் கழுத்திலிருந்து வயிறு வரைக்கும் ஒரே வெட்டாக வெட்டினார். எனக்குப் போன உயிர் வந்தது. ஜாக்கெட்டிலிருந்த வாத்துகளும் வெளியே வந்தன. மேலே ஃபேன் முழு வேகத்தில் ஓடிக்கொண்டிருந்தது. அறை முழுக்க வெள்ளை இறகு. கட்டிலில், மருந்துத் தட்டில், மச்சானின் மீசையில், என் வேர்த்த நெஞ்சில்.

அப்போது மணி பதினொன்று. போன் அடித்தது. நான் எடுப்பதற்குள் மச்சான் எடுத்து, மரியாதையாகக் கும்பிட்டு, கேமராவை என் பக்கம் திருப்பினார். திரையில் கண்ணாடி போட்ட ஒரு மேடம். தமிழ் பேசுகிறவர்.

"அடடா!" என்றார் அவர். கண்கள் விரிந்தன. "அங்கே பனியா பெய்யுது? கள்ளக்குறிச்சியிலா?"

ஆமாம் என்று சொல்லியிருக்கலாம். நான் வாயைத் திறப்பதற்குள் மச்சான் ஒன்றுவிடாமல் சொல்லிவிட்டார். ஜிப், வெயில், எருமை, ஜமுக்காளம். கடைசியில் மறுபடியும் கும்பிட்டு, "ஊர்ல பேனர்லாம் வெச்சிட்டோம் மேடம். பாத்து செய்யுங்க. பெங்குயினு தப்பு என்னுது, மாப்ளயுது இல்ல" என்றார்.

மேடம் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். தோள் குலுங்கியது. பிறகு என்னிடம் ரொம்ப அன்பாகக் கேட்டார்.

"சார், நாம போறது ஜூலை மாசம். மெயிலோட கடைசியில ஒரு உடுப்புப் பட்டியல் இருந்ததே, பாக்கலையா? சூடானா ஒண்ணொண்ணா கழட்டற மாதிரி போட்டுக்கணும்னு முதல் வரியே அதுதான்."

பார்க்கவில்லை. நேர்காணல் வரைக்கும் படித்துவிட்டு ஊரெல்லாம் சொல்ல நேராகக் கடைவீதிக்குப் போனவன் நான்.

மலை இறங்கும்போது வேனில் கோமதி அழுதுகொண்டே வந்தாள். வாய்ப்பு போச்சே என்று அழுகிறாள் என்று நினைத்து, "விடு, அடுத்த வருசம் பாத்துக்கலாம்" என்றேன்.

"அடுத்த வருசம் எவன் கேட்டான்? படகுல கண்ணு சொருகிக்கினு கெடந்தீங்களே, அப்ப எனக்கு எப்டி இருந்துச்சி தெரியுமா?" என்றாள்.

பத்து நாளில் பதில் வந்தது. தேனிப் பக்கம் ஒரு டீச்சரம்மாவைத் தேர்ந்தெடுத்திருந்தார்கள். அவர் பட்டியலைப் படித்திருப்பார். வருத்தமாகத்தான் இருந்தது. இரண்டு நாள் ஸ்டூடியோவைத் திறக்கவில்லை. மூன்றாம் நாள் ஒரு நிச்சயதார்த்தம் இருந்ததால் திறந்தேன்.

ஆர்க்டிக் கைவிட்டாலும் கல்வராயன் மலை என்னைக் கைவிடவில்லை. அந்த நர்ஸ் தன் தம்பி கல்யாணத்துக்கு என்னைத்தான் கூப்பிட்டார். அங்கிருந்து வெள்ளிமலைச் சுற்றுவட்டாரத்தில் நாலைந்து கல்யாணம் வந்தது. எல்லா இடத்திலும் முதல் பந்தியில் உட்கார வைத்து, உட்கார்ந்த உடனே தண்ணீர் கொடுத்துவிடுவார்கள்.

சொந்தக்காரர்கள் வேறு ரகம். எந்த வீட்டு விசேஷத்திலும் கரண்ட் போய், நான் நெற்றியைத் துடைத்தால் போதும், எங்கிருந்தாவது ஒரு குரல் வரும்: "கம்பளி கேக்கறாரு, யாராச்சும் குடுங்கப்பா!"

வாய்க்கு வாய் மாறி இந்தக் கதை எங்கெங்கோ போய்விட்டது. போன தை மாதம் திருநாவலூரில் ஒரு கல்யாணத்துக்குப் போயிருந்தோம். கோமதியின் பெரியப்பா என் கையைப் பிடித்துப் பக்கத்தில் உட்கார வைத்துக்கொண்டார். அவருக்கு வந்து சேர்ந்த கதையில் நான் ஆர்க்டிக்குக்கே போயிருக்கிறேன். குளிர் தாங்காமல் ஜுரத்தோடு திரும்பியிருக்கிறேன்.

"அந்த ஐஸுல எத்தினி நாளு இருந்தீங்க மாப்ள?" என்று பக்தியோடு கேட்டார்.

பெரியவரின் முகத்தைப் பார்த்து உண்மையைச் சொல்ல மனசு வரவில்லை. உதவிக்குக் கோமதியைப் பார்த்தேன். அவள் தலையில் பூவைச் சரிசெய்துகொண்டே சொன்னாள்:

"பத்தர மணி வரிக்கும் இருந்தாரு பெரிப்பா."