வெளிச்சம் வரட்டும்

நம்ம கோயமுத்தூர்ப் பக்கம் மைனா உண்டு, மயில் உண்டு. சமீப காலமாக இன்னோர் இனமும் பெருகியிருக்கிறது. பெயர், ஒளிச்சாமியார். கழுத்தில் கறுப்புக் கேமரா, முகத்தில் தவம், கண்ணில் இரக்கம். இரக்கம் யார்மேல்? நம்மேல்தான். நாம் வெறுமனே பார்க்கிறோமாம். அவர் ஒளியைப் பார்க்கிறாராம்.

இவரிடம் ஒரு போட்டோ எடுங்கள் என்று சொல்லிவிடக் கூடாது. படம் என்பது எடுப்பது அல்லவாம், தானாக வருவதாம். நீங்கள் வெயிலில் நின்றால் நிழலில்தான் ஆழம் என்பார், நிழலுக்குப் போனால் வெயில் பேசுகிறதே என்பார், பல்லைக் காட்டினால் அது சிரிப்பில்லை என்பார், வாயை மூடினால் மௌனம் போதவில்லை என்பார், கடைசியில் உங்களை விட்டுவிட்டு உங்களுக்குப் பின்னால் இருக்கும் துருப்பிடித்த தாழ்ப்பாளை மண்டி போட்டு எடுப்பார். சாமி சூரியனை எல்லாருக்கும் பொதுவாகத்தான் வைத்திருக்கிறார். இவருக்கு மட்டும் அது போதாது.

துடியலூர் வெங்கடபதி இந்த இனத்தில் முற்றியவர். பக்கத்து வீட்டு மயிலாத்தாளின் மகளுக்குக் காரமடையில் காதுகுத்து. படத்தை நானே எடுத்துத் தருகிறேன் என்று தானாகவே வந்தார். மயிலாத்தாள் கேட்டது ஒரே ஒரு படம். அவள் அண்ணன் சென்னியப்பனும் புருஷன் கதிரும் கிணற்றுத் தண்ணீர் முறைக்காகச் சண்டை போட்டு, பல வருஷமாக முகம் பார்ப்பதில்லை. தாய்மாமன் மடியில் உட்கார வைக்காமல் காது குத்த முடியுமா? அதனால் அண்ணன் வந்துவிட்டார். அவரும் கதிரும் குழந்தையோடு சேர்ந்து நிற்கிற படம். அவள் சாமியிடம் வேண்டிக்கொண்டதும் அதைத்தான்.

ஆசாரி காது குத்தினார், குழந்தை வீறிட்டது. வெங்கடபதி தாம்பாளத்து எலுமிச்சம்பழத்தில் ஒளி விழுவதை எடுத்துக்கொண்டிருந்தார். போகட்டும். பிறகு மயிலாத்தாள் கெஞ்சிக் கூத்தாடி இரண்டு பேரையும் நிறுத்தினாள். மாமன் கையில் குழந்தை. மடித்துக் கட்டிய வேட்டியை இறக்கிவிட்டு, தோளோடு தோள் உரச, விறைப்பாகக் கேமராவையே பார்த்து நின்றார்கள். அமுக்க வேண்டியதுதானே?

"இப்படி நின்னா உசுரே இல்லீங்க. கேமராவ மறந்துபோடுங்க. எப்பவும் பேசற மாதிரி பேசீட்டு இருங்க."

எப்பவும் பேசுகிற மாதிரி! பாவம், பேசினார்கள். மழையில் ஆரம்பித்தார்கள், தக்காளிக்கு வந்தார்கள், மோட்டாருக்கு வந்தார்கள், அங்கிருந்து கிணறு எவ்வளவு தூரம்? வெங்கடபதி கேட்ட உசுர் இரண்டு பேருக்கும் ஒன்றாக வந்துவிட்டது. சென்னியப்பன் குழந்தையைத் தங்கை கையில் கொடுத்துவிட்டு, பந்தியில் கை நனைக்காமல் கிளம்பிப் போனார்.

படம் வந்தது. கறுப்பு வெள்ளையில், கண்ணாடிச் சட்டம் போட்டு. கோயில் வாசலைத் தாண்டிப் போகிற ஒரு முதுகு.

முதுகில்தான் கதையே இருக்கிறது என்று வெங்கடபதி விளக்கினார்.

"முதுகத்தானுங்க இத்தன வருசமாப் பாத்தேன்," என்றாள் மயிலாத்தாள். "மூஞ்சி வந்துச்சேன்னுதானுங்க போட்டோ கேட்டேன்."

சொல்லும்போதே அவள் கண் கலங்கியது. ஜன்னல் வெளிச்சம் அந்தக் கன்னத்தில் சரியாக விழுந்தது. வெங்கடபதியின் கை கேமராவைத் தேடியது.

சிரிக்காதீர்கள். உங்கள் செல்போனைக் கொஞ்சம் திறங்கள். மலைக்குப் பின்னால் இறங்கும் சூரியன், டீ டம்ளர் ஆவி, ஜன்னல் கம்பியில் மழைத்துளி, எல்லாம் இருக்கும். உங்களுக்குச் சோறு போடுகிறவர் நேராக உங்களைப் பார்த்து நிற்கிற படம் ஒன்று இருக்கிறதா? தேடுங்கள், அவசரமில்லை. வெளிச்சம் வரட்டும்.