பதினெட்டு கொடுக்கும் வேன்

எங்கள் வேன் லிட்டருக்குப் பதினெட்டு கிலோமீட்டர் கொடுக்கும். இதை நான் முதலில் சொன்னது வேனை வாங்குவதற்கு முன்னால். வாங்கிய பிறகு சொல்லியிருந்தால் அது வெறும் தகவல். முன்னால் சொல்லித் தொலைத்ததால் அது வாக்குறுதி ஆகிவிட்டது.

நிருபமா சின்னக் காரே போதும் என்றாள். வீட்டில் அவள், நான், ஒன்றாம் வகுப்பு படிக்கும் ஸ்னேஹா. மூன்று பேருக்கு ஏழு சீட் எதற்கு என்பது அவள் கேள்வி. என் மனைவி ஆடிட்டர் ஆபீஸில் வேலை பார்க்கிறாள். ஊரார் கம்பெனிக்குப் போய், உள்ளே வந்தது எவ்வளவு, வெளியே போனது எவ்வளவு, நடுவில் காணாமல் போனது எங்கே என்று கேட்பதற்குச் சம்பளம் வாங்குகிறாள். வீட்டில் அதே வேலையை இலவசமாகச் செய்வாள்.

உன் பக்கம் நாலு பேர் வந்தால், என் பக்கம் நாலு பேர் வந்தால் என்று நான் அடுக்கினேன். ஒரே வண்டியில் போனால்தான் குடும்பம், இரண்டு வண்டியில் போனால் ஊர்வலம் என்றுகூடச் சொல்லிப் பார்த்தேன்.

"யானையைக் கட்டித் தீனி போட முடியாதுங்க" என்றாள்.

"யானை இல்ல. பதினெட்டு குடுக்கும்."

"யார் சொன்னா?"

"ஷோரூம்ல பெரிய எழுத்துல போட்டிருக்கான்."

"சின்ன எழுத்துல என்ன போட்டிருக்கான்?"

"அத யாரு படிப்பா?"

"சரி, குடுக்கலன்னா?"

இந்த இடத்தில் நான் தண்ணீர் குடிக்க எழுந்து போயிருக்க வேண்டும். போகவில்லை. "குடுக்கலன்னா என் ஸ்கூட்டரை வித்துடறேன்" என்றேன்.

அந்த ஸ்கூட்டரைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். கல்யாணத்துக்கு முன்னால் வாங்கியது. சனிக்கிழமை காலையில் எல்லோரும் தூங்கும்போது அதை எடுத்துக்கொண்டு நான் அல்சூர் போவேன். அங்கே ஒரு தோசைக் கடை. ஜன்னல் ஓரமாக ஒருவர் மட்டும் உட்காரும் மேசை. மசாலா வைக்காத, மெத்தென்ற காலி தோசை இரண்டு, ஒரு காபி. யாரும் என்னை ஒன்றும் கேட்க மாட்டார்கள். வாரத்தில் அந்த ஒரு மணி நேரம்தான் நான் யாருக்கும் கணவன் இல்லை, அப்பா இல்லை, டீம் லீட் இல்லை. வீட்டில் இதற்கு வாக்கிங் என்று பெயர்.

வேன் வந்தது. பெங்களூர் ஜோகுபாளையத்தில் எங்கள் தெருவுக்குள் அது திரும்பியபோது இரண்டு ஸ்கூட்டர்களும் ஒரு மாடும் பின்வாங்கின. பெருமையாக இருந்தது. அந்தப் பெருமை ஒரு வாரம்கூடத் தாங்கவில்லை.

டேஷ்போர்டின் நடுவில் ஒரு சின்னத் திரை. வண்டி லிட்டருக்கு எவ்வளவு கொடுக்கிறது என்று அது தானாகவே காட்டும். நான் கேட்கவே இல்லை. அது ஒன்பதரை என்று காட்டியது. ஷோரூம்காரன் பொய் சொல்லவில்லை. சின்ன எழுத்தைப் பிறகு படித்தேன். சோதனைச் சூழலில் பதினெட்டு என்று இருந்தது. சோதனைச் சூழலில் சில்க் போர்டு சிக்னல் இல்லை. அங்கே ஏசியைப் போட்டுக்கொண்டு நின்றால் கிலோமீட்டர் நிற்கிறது, லிட்டர் நிற்பதில்லை.

முதலில் அந்தத் திரையை ஒரு வழி பண்ணினேன். சிவாஜி நகரில் ஒரு பிள்ளையார் வாங்கி, சரியாக அதன் முன்னால் ஒட்டினேன். நல்ல அகலமான பிள்ளையார். நிருபமாவுக்குப் பரம சந்தோஷம். இத்தனை வருஷத்தில் நானாக ஒரு சாமியை வீட்டுக்குக் கொண்டுவந்தது இதுதான் முதல் தடவை என்றாள். வெள்ளிக்கிழமைதோறும் அவருக்குப் பூ வைக்க ஆரம்பித்தாள்.

ஆனால் திரையை மறைத்துவிட்டால் ஆடிட்டர் விட்டுவிடுவாளா? டேங்கை நிரப்பி, ஒரு வாரம் ஓட்டி, ஞாயிற்றுக்கிழமை ஆனேக்கல்லில் இருக்கும் அவள் பெரியம்மா வீட்டுக்குப் போய்த் திரும்பி, அதே பெட்ரோல் பங்கில் மறுபடி டேங்கை நிரப்புவது என்று அவளே முறை வகுத்தாள். ஓடிய தூரத்தை, ஊற்றிய லிட்டரால் வகுத்தால் உண்மை வந்துவிடும் என்றாள்.

உண்மை வரக் கூடாது என்பதுதான் என் பிரச்சினை.

யோசித்தேன். மறுபடி நிரப்பும்போது குறைவாகப் பிடிக்க வேண்டும். குறைவாகப் பிடிக்க வேண்டுமானால் டேங்கில் ஏற்கெனவே இருக்க வேண்டும். இருக்க வேண்டுமானால் யாராவது ஊற்ற வேண்டும். பங்கில் கேனில் கொடுக்க மாட்டேன் என்றார்கள். வீட்டில் வேனைத் தவிர பெட்ரோல் இருக்கிற இடம் ஒன்றே ஒன்றுதான். அது என் ஸ்கூட்டர்.

நிருபமா ஆசையாக ஒரு மீன்தொட்டி வைத்திருக்கிறாள். அதில் தண்ணீர் மாற்ற ஒரு நீள ட்யூப் உண்டு. வேன் கழுவுகிறேன் என்று விடிந்ததும் பேஸ்மென்டுக்கு இறங்கி, அந்த ட்யூபின் ஒரு முனையை ஸ்கூட்டர் டேங்கில் விட்டு, மறுமுனையை வாயில் வைத்து உறிஞ்சி, கேனில் பிடித்து, வேனில் ஊற்றினேன். முதல் தடவை கொஞ்சம் உள்ளேயும் போய்விட்டது. அன்று முழுவதும் ஏப்பம் விடும்போது அடுப்பைப் பார்த்துத் தள்ளி நின்றேன்.

"என்னங்க உங்க மேல ஒரு வாசனை?"

"புது டூத்பேஸ்ட்."

"நல்லா இருக்கு. மாத்தாதீங்க."

வாரநாட்களில் வேன் அவளுடையது. ஸ்னேஹாவையும் தெருவில் இருக்கும் மூன்று குழந்தைகளையும் பள்ளியில் இறக்கிவிட்டு அப்படியே ஆபீஸ் போவாள். ஒயிட்ஃபீல்டுக்கு நான் ஸ்கூட்டரில் போவேன். ஒருநாள் காலை வேனில் உட்கார்ந்தவள், நேற்று பாதிக்குக் கீழே இருந்த முள் இன்று மேலே ஏறியிருக்கிறதே என்றாள். சரிவில் நிறுத்தினால் அப்படித்தான் காட்டும் என்றேன். எங்கள் பேஸ்மென்டில் சரிவே கிடையாது. அவள் கண்ணாடியைச் சரிசெய்துவிட்டு வண்டியைக் கிளப்பினாள்.

மீன்தொட்டி ட்யூபைக் காணோம் என்றாள். எலி இழுத்துக்கொண்டு போயிருக்கும் என்றேன்.

"அவ்ளோ நீள ட்யூபையா?"

"பெங்களூர் எலி."

தொட்டித் தண்ணீரைக் குவளையால் மொண்டு மாற்றினாள். எதிர்க்கேள்வி கேட்காத மனைவியைப் பார்த்துப் பயப்பட வேண்டும் என்பது அப்போது எனக்குத் தெரியாது.

ஞாயிற்றுக்கிழமை ஆனேக்கல் போய்விட்டுத் திரும்பும் வழியில் டேங்கை நிரப்பினோம். நிருபமா மனக்கணக்கிலேயே வகுத்தாள். பதினெட்டே முக்கால். கை கொஞ்சம் தாராளமாகிவிட்டது போலிருக்கிறது.

"ஷோரூம்ல சொன்னதை விட ஜாஸ்தி குடுக்குதே" என்றாள்.

"ஓட்டறவங்க கைல இருக்கு" என்றேன்.

"ஓட்டினது நான்தானே?"

"அதான் சொல்றேன்."

ஸ்கூட்டர் பிழைத்தது. அடுத்த சனிக்கிழமை காலி தோசை இன்னும் மெத்தென்று இருந்தது.

ஒரு பொய்யைப் பெற்றுவிட்டால் அதை வளர்க்கவும் வேண்டும். எதிர் வீட்டு கோவிந்தப்பா காதுக்கு இந்தப் பதினெட்டே முக்கால் போய்விட்டது. அவரிடமும் ஏழு சீட் வண்டிதான். லிஃப்டில் பார்த்தால் மற்றவர்கள் சாப்பிட்டாயா என்று கேட்பார்கள், அவர் கன்னடத்தில் "எஷ்டு கொடுத்தெ?" என்று கேட்பார். எவ்வளவு கொடுக்கிறது என்று நான் சொல்லச் சொல்ல அவர் முகம் வாடும். அவருடையது எட்டு. ரகசியத்தைச் சொல்லுங்கள் என்று கெஞ்சினார். நானும் மனசு கேட்காமல் சொன்னேன். ஆக்ஸிலரேட்டரை முட்டை மேல் கால் வைப்பதுபோல மிதிக்க வேண்டும். டயரில் காற்றை விடிகாலையில் அடிக்க வேண்டும். ஏசி போடவே கூடாது.

அவர் எல்லாவற்றையும் செய்தார். எட்டு எட்டாகவே இருந்தது. வேர்வை தாங்காமல் அவர் மனைவி மெட்ரோவுக்கு மாறிவிட்டார்.

நான் வாரம் தவறாமல் விடிகாலையில் வேன் கழுவினேன். அபார்ட்மென்டிலேயே சுத்தமான வண்டி எங்களுடையதுதான். எங்கள் மாடிப் பெண்கள் என்னைக் காட்டித் தங்கள் கணவர்களைத் திட்டுவதாகக் கேள்விப்பட்டேன்.

இப்படியே ஓடிக்கொண்டிருந்தபோது ஒருநாள் ரசம் சாதத்துக்கு நடுவில் நிருபமா கேட்டாள்.

"ஏங்க, உங்க ஸ்கூட்டர் எவ்ளோ குடுக்குது?"

"குடுக்கும். நாப்பது, நாப்பத்தஞ்சு."

"நீங்க ஒவ்வொரு தடவ பங்க்ல பணம் கட்டும்போதும் என் ஃபோன்ல டிங்னு சத்தம் வருது. ஜாயின்ட் அக்கவுன்ட் இல்லையா. இப்பல்லாம் கோயில் மணி மாதிரி அடிச்சிட்டே இருக்கு. வகுத்துப் பாத்தேன். உங்க ஸ்கூட்டர் பன்னெண்டு குடுக்குது."

எனக்கு ரசம் தப்பான பக்கம் போனது. தலையில் தட்டிக்கொடுத்தாள்.

"ஏழு பேர் போற வேன் பதினெட்டு. ஒரே ஆள் போற ஸ்கூட்டர் பன்னெண்டு. எங்கயாவது கேள்விப்பட்டிருக்கீங்களா?"

"பழசாயிடுச்சு இல்ல."

"அப்ப வித்துடலாமா?"

"அவ்ளோ ஒண்ணும் பழசு இல்ல. சர்வீஸ் விட்டா சரியாயிடும்."

"போன வாரம் நீங்க வீட்லருந்து வேலை பாத்தீங்களே, அன்னிக்கே விட்டுட்டேன். வண்டில ஒண்ணுமே இல்லைங்கறார் மெக்கானிக். ஓட்டறவங்க கைல இருக்காம்."

என் வசனத்தை எனக்கே திருப்பிப் பரிமாறினாள். கூடவே ஒரு அப்பளமும்.

என் நிலைமையைக் கொஞ்சம் பாருங்கள். ஸ்கூட்டரைக் காப்பாற்ற வேண்டுமென்றால் அதன் பெட்ரோல் எங்கே போகிறது என்று சொல்ல வேண்டும். சொன்னால் வேனின் பதினெட்டு போகும். பதினெட்டு போனால், கொடுத்த வாக்குப்படி ஸ்கூட்டர் போகும். சொல்லாவிட்டால் பன்னிரண்டு கொடுக்கிற ஸ்கூட்டரை எந்தக் குடும்பம் வைத்துக்கொள்ளும்? எந்தப் பக்கம் திரும்பினாலும் ஸ்கூட்டர்தான் வெளியே போய்க்கொண்டிருந்தது.

"விக்க வேணாம்" என்றேன்.

"நானும் அதான் நெனச்சேன். ஞாபகார்த்தமா இருக்கட்டும். ஒண்ணு செய்யலாம். உங்க கைக்கு ஸ்கூட்டர் ஒத்துவரல. வேன் நம்ம எல்லாருக்கும் ஒத்துவருது. நீங்க ஒயிட்ஃபீல்டுக்கு வேன்லயே போங்க, குழந்தைங்கள இறக்கிவிட்டுட்டு. பதினெட்டு குடுக்குது, கவலையே இல்ல. இந்த ஸ்கூட்டரோட நான் மல்லுக்கட்டறேன்."

வேண்டாம் என்பதற்கு ஒரு காரணம் தேடினேன். ஒன்றே ஒன்றுதான் கிடைத்தது. அதைத்தான் சொல்ல முடியாது.

திங்கட்கிழமை முதல் வேன் என்னுடையதானது. நாலு குழந்தைகள், நாலு பைகள், நாலு தண்ணீர் பாட்டில்கள். டின் ஃபாக்டரி சிக்னல் நெரிசலில் நான் நின்றுகொண்டிருந்தபோது, நிருபமா ஸ்கூட்டரில் இடப்பக்கமாக நுழைந்து, கையசைத்துவிட்டு, இடுக்கில் புகுந்து போனதைப் பார்த்தேன். அவள் ஆபீஸ் அந்தப் பக்கமே இல்லை. எதற்கு வந்தாள் என்று நான் கேட்கவில்லை. கேள்வி கேட்கும் உரிமை எனக்குப் போய்விட்டது.

சனிக்கிழமை வந்தது. பழக்கதோஷத்தில் விடிந்ததும் பேஸ்மென்டுக்கு இறங்கினேன். ஸ்கூட்டர் நிற்கும் இடத்தில் ஸ்கூட்டர் இல்லை. கொஞ்சம் எண்ணெய்க் கறை மட்டும் இருந்தது. கோவிந்தப்பா தன் டயருக்குக் காற்று அடித்துக்கொண்டிருந்தார். எஷ்டு கொடுத்தெ என்றார். பதினெட்டு என்றேன். பெருமூச்சு விட்டு மறுபடி அடித்தார்.

வேன் கதவைத் திறந்தேன். பிள்ளையார் இடம் மாறியிருந்தார். நாலு விரல்கடை வலப்பக்கமாக, புதுப் பூவோடு உட்கார்ந்திருந்தார். அவர் உட்கார்ந்திருந்த இடத்துக்குப் பின்னால் இருந்த திரை பளிச்சென்று துடைக்கப்பட்டு ஒன்பதரை காட்டியது. வாடிய பூவை எடுக்க வெள்ளிக்கிழமைதோறும் ஒருவர் குனிய வேண்டியிருக்கும் என்பது எனக்கு அப்போதுதான் உறைத்தது. எத்தனை வெள்ளிக்கிழமை என்று எண்ணிப் பார்க்கத் தைரியம் வரவில்லை.

ஃபோன் அடித்தது.

"ஏங்க, எழுந்துட்டீங்களா? நான் அல்சூர்ல இருக்கேன், சனிக்கிழமைதோறும் என் ஃபோன்ல டிங்னு வருமே, அந்தக் கடைல. ஜன்னல் ஓரமா ஒரு மேசை இருக்கு, ஒருத்தர்தான் உக்கார முடியும். சாருக்கு உடம்பு சரியில்லையான்னு கடைக்காரர் விசாரிச்சார். வாக்கிங்ல இருக்கார்னு சொன்னேன். உங்களுக்குக் காலி தோசை பார்சல் வாங்கிடறேன்."

சரி என்றேன்.

"ஸ்கூட்டர் என் கைல நாப்பத்தஞ்சு குடுக்குதுங்க."

சந்தோஷம் என்றேன்.

"அப்புறம், டிரைவர் சீட்டுக்குக் கீழ பாருங்க."

குனிந்து பார்த்தேன். மீன்தொட்டி ட்யூப். சோப்புப் போட்டுக் கழுவி, உலர்த்தி, அழகாகச் சுருட்டி, ரப்பர் பேண்டு போட்டு வைத்திருந்தது.

"எலி திருப்பிக் குடுத்துடுச்சு. நான் வர்றதுக்குள்ள மீனுக்குத் தண்ணி மாத்திடுங்க."